தை மாதமும் தேனீப் பெட்டியும்

தேனீ வளர்ப்பைப் பற்றி மேனாட்டார் எழுதியுள்ள நூல்களுள் எதனை விரித்தாலும், வசந்த காலத்து முதற் சோதனை என்று ஓர் அதிகாரம் இருக்கக் காண்கிறோம். பனிக்காலம் முழுவதும் பெட்டிக்குள் ஒன்றோடொன்று திரண்டு ஒடுங்கிக் கிடந்த ஈக்கள் வெயில் முகங்கண்டு வெளிவரத் தொடங்கியதும், வளர்ப்போன் நல்ல நாள் பார்த்துப் பெட்டியைத் திறந்து, இராணி இருக்கின்றாளா, உணவு இருக்கின்றதா, நோய் உண்டா என்று ஆராய வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் சாரம். அந்நாள் எது என்பதற்கும் விதி கூறப்பட்டிருக்கின்றது. காற்று அடங்கியிருத்தல் வேண்டும். வெப்பம் ஏறக்குறைய 15 பாகை சென்டிகிரேடு இருத்தல் வேண்டும். குளிர் நாட்டார்க்கு இது மிகவும் பொருத்தமான விதியே. ஆனால் புதுச்சேரியின் வடபாகத்தில், கருவடிக்குப்பத்துத் தோப்பொன்றில் இரண்டு பெட்டி வைத்திருக்கும் ஒருவன் இவ்விதியைக் கையிலேந்தி நின்றால் என்ன ஆகும்? மார்கழி விடியற்காலையிலும் அங்கே வெப்பம் பெரும்பாலும் 20 பாகைக்கு அருகிலேயே நிற்கும். ஆகவே ஆண்டில் எந்த நாளும் பெட்டியைத் திறக்கலாம் என்றல்லவா அவன் முடிவு செய்வான்!

யானும் ஒரு காலத்தில் அவ்வாறே முடிவு செய்தவன். மார்கழி மாதத்தில் ஒருநாள், ஐந்தாறு நாள் விடாது பெய்த மழை நின்று சற்றே வெயில் தலைகாட்டியது. புத்தகம் குறித்த வெப்பத்தினும் அதிகமான வெப்பம் இருந்தது. நான் பெட்டியைத் திறந்து, சட்டம் சட்டமாக வெளியிலெடுத்து, அரைமணி நேரம் மிக்க ஆர்வத்தோடு பார்த்தேன். உள்ளே தேன் ஒரு துளியும் இல்லை, புழுவும் சொற்பம். மறுநாள் காலையிலும் ஈக்கள் அங்கேயே இருந்தன. மூன்றாம் நாள் பிற்பகலில் குடும்பம் முழுவதும் கிளம்பித் தென்னை மரங்களுக்கு மேலாகச் சென்றுவிட்டது. வெற்றுப் பெட்டியும், எறும்பு மொய்த்த அடைகளுமே எனக்கு மிஞ்சின. திறந்ததுதான் அவற்றை ஓட்டியது என்று நான் சாதிக்கவில்லை. பசி முன்பே அவற்றைக் கிளப்பச் சித்தமாயிருந்தது. எனினும் பசித்திருந்த குடும்பத்தை அரைமணி நேரம் கலைத்தது நான் செய்த பிழையே. அதன் பின்னரே, நம் நாட்டில் முதற் சோதனை எப்பொழுது, எவ்வாறு என்னும் வினாவை நாமே எண்ணிப் பார்த்து விடை காண வேண்டும் என்று உணர்ந்தேன். இக்கட்டுரை அவ்வெண்ணத்தின் பயன்.

முதலில் நாம் வளர்க்கும் பிராணி இன்னதென்று தெளிய வேண்டும். தமிழ்நாட்டில் தேன் சேர்க்கும் ஈக்கள் பலவகை. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயும், புதர்க்கொம்பில் கையகல அடை கட்டும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் வாழ்வன. அவை பெட்டிக்கு அடங்கா. கொசுத்தேனீ மிகச் சிறியது. அதன் தேனும் மிகச் சிறிது. மரப்பொந்திலும் சுவர்ப்புழையிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடைகளைத் தொங்கவிட்டுக் கட்டும் அடுக்குத்தேனீயே, இந்தியத் தேனீ என்றும் சொல்லப்படுவது, நம் பெட்டிகளில் தொன்றுதொட்டு வளர்வது. இதற்கும் ஐரோப்பியத் தேனீக்கும் உடலில் உள்ள வேற்றுமையைவிடக் குணத்தில் உள்ள வேற்றுமை பெரிது. ஐரோப்பியத் தேனீ தன் தேன் குறைந்தாலும் கூட்டிலேயே கிடந்து மடியும் இயல்பினது. நம் தேனீயோ, உணவு குறைந்தாலும், எறும்பு ஏறினாலும், மெழுகுப் புழு பற்றினாலும், மனிதன் அடிக்கடி கலைத்தாலும், கூட்டை அப்படியே விட்டு வேற்றிடம் நாடிப் போய்விடும். பெட்டியைத் திறப்பதில் நாம் காட்ட வேண்டிய நிதானத்துக்கு இதுவே முதற் காரணம்.

பெட்டியைத் திறந்து மூடுதல் என்னும் காரியமே பழமையானதன்று. சுவிட்சர்லாந்து தேசத்து ஜெனீவாவில் வாழ்ந்த பிரான்சுவா ஹூபர் என்பார் கண்பார்வை இழந்தவர். தம் பணியாளின் கண்களைக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்து, 1792இல் பிரெஞ்சு மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒவ்வோர் அடையையும் விரித்துப் பார்க்கத்தக்க பெட்டியொன்றை அவர் அமைத்திருந்தார். பார்வையற்ற ஒருவர் பிறர் எல்லார்க்கும் கூட்டின் உட்புறத்தைக் காட்டினார் என்பது நினைக்குந்தோறும் வியப்புத் தருகின்றது. பின்னர் அமெரிக்காவில் சமய போதகராயிருந்த லாங்ஸ்டிராத் என்பார், இரண்டு சட்டங்களுக்கிடையிலும், சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலும் ஏறக்குறைய கால் அங்குலத்துக்குச் சற்று மிகுதியான இடைவெளி விட்டால் ஈக்கள் அவ்விடத்தை அடைகட்டி மூடாமல் நடைபாதையாக விட்டுவைக்கும் என்பதை 1851இல் கண்டார். இக்காலத்துப் பெட்டிகள் யாவும் இவ்வொரு உண்மையின்மேல் எழுந்தனவே. நம் நாட்டு ஈயின் சிற்றுடலுக்கு ஏற்றவாறு சிறு பெட்டியொன்றை அமைத்தவர் நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் தென்னாட்டுக் கிராமத்தார் பலரைப் பழக்கினார். அவர் பெயரால் வழங்கும் பெட்டியின் புழு அறையில் ஏழு சட்டங்கள் இருக்கும்; ஒவ்வொன்றும் உள்ளளவில் எட்டேகால் அங்குல நீளமும் ஐந்தேமுக்கால் அங்குல உயரமும் உடையது. 1920களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையமும், ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கரின் முயற்சியால், இத்தொழிலை வீடுதோறும் பரப்பியது.

இனிக் காலத்தைப் பற்றிப் பேசுவோம். குளிர் நாட்டில் ஈக்களைச் சிறையிலிடுவது பனி. புதுச்சேரிக் கரையில் சிறையிடுவது மழை. இங்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுகின்றது. மழை நாளில் ஈ வெளியே போகாது. போனாலும் பூவிலுள்ள மது நீரில் கரைந்தும் மகரந்தம் நனைந்தும் கிடக்கும். வீட்டிலிருந்து உண்பதே வேலையாகும்போது சேமித்த தேன் குறையும். மகரந்தம் வராதபோது புழுவுக்கு ஊட்ட உணவில்லை. புழுவுக்கு ஊட்டில்லாதபோது இராணி முட்டையிடுதலைக் குறைப்பாள். ஆகவே மார்கழி முடிவில் ஒரு குடும்பம் வயது முதிர்ந்த ஈக்களை மிகுதியாகவும் இளையவற்றைக் குறைவாகவும் உடையதாய், மெலிந்து நிற்கும். மேனாட்டு நூல்கள் வசந்தத் தொடக்கத்தில் கூறும் நிலையும் ஏறக்குறைய இதுவே. காரணம் வேறு, விளைவு ஒன்று. நமக்கு வசந்தச் சோதனை என்பது உண்மையில் கார்காலங் கழிந்த சோதனையாகும்.

சில ஆண்டுகளில் மழையோடு புயலும் சேர்ந்துவிடும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்த தானே புயல், பெட்டிகளைக் கவிழ்த்ததோடு நில்லாமல், அப்பகுதியின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. அவ்வாண்டுத் தை மாதத்தில் பெட்டியைத் திறந்தவன் உள்ளே பார்ப்பதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். பூக்கும் மரம் இல்லாதவிடத்துக் குடும்பத்தைப் பெருக்குவது பட்டினிக்கு விருந்தாளி சேர்ப்பதாகும். 2024 நவம்பர் 30இல் வந்த பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அத்தகைய மழைக்குப் பின் பெட்டியின் அடிப்பலகை ஈரம் ஊறிப் பூசணம் பூத்திருக்கும். திறக்காமலே பெட்டியைச் சிறிது முன்பக்கம் சாய்வாக வைத்து நீர் வடியச் செய்தலும், கூரையில் ஒழுக்கு உண்டாயின் அடைத்தலும் அப்பொழுது போதும்.

அப்படியாயின் திறக்கும் நாளை எவ்வாறு குறிப்பது? இங்கே சிறிது கணக்குப் போட வேண்டியிருக்கின்றது. மாணவர்கள் இதனைப் பொறுமையோடு பின்தொடர்வார்களாக. கருவடிக்குப்பத்தைப் போன்ற கடலோரச் சிற்றூர்களில் தேனுக்குரிய பூக்கள் ஒரு வரிசையில் வருகின்றன. தென்னை ஆண்டு முழுவதும் மகரந்தம் தருவது. தையிலும் மாசியிலும் மாவும் முந்திரியும் பூக்கும். முருங்கையும் அக்காலத்தே நிறையப் பூக்கத் தொடங்கும். பங்குனியிலும் சித்திரையிலும் வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல் ஆகியன முறைமுறையே வரும். தைப் பூக்கள் குடும்பத்தை வளர்ப்பதற்கு. பங்குனிப் பூக்கள் நம் பாத்திரத்தை நிரப்புவதற்கு என்று பொதுவாகக் கொள்ளலாம். பங்குனி நடுவில், அஃதாவது மார்ச்சு மாதக் கடைசியில், வேம்பு நன்றாகப் பூக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அன்று வெளியே சென்று மது கொணரத்தக்க ஈ எப்பொழுது முட்டையாக இட்டிருக்கப்பட வேண்டும்? நம் தேனீயில் பணியீ முட்டையிலிருந்து முழுவடிவம் பெற ஏறக்குறைய இருபது நாளாகும். பிறந்தவுடன் அது பூவுக்குச் செல்லாது. அறை துடைத்தல், புழுவுக்கு ஊட்டுதல், அடை கட்டுதல், வாயிற்காவல் ஆகிய வீட்டுவேலைகளில் இரண்டு மூன்று வாரம் கழித்த பின்னரே வெளிவேலைக்குப் போகும். கூட்டினால் ஏறக்குறைய நாற்பது நாள். எனவே பங்குனி நடுவில் உழைக்க வேண்டிய சேனை, மாசி முதல் வாரத்திலேயே முட்டையாக அடையில் இருத்தல் வேண்டும். மெலிந்த குடும்பத்தின் இராணி ஒரே நாளில் மிகுதியாக முட்டையிட்டுவிட மாட்டாள். புழுவைப் போர்த்தி 33 முதல் 36 பாகை வெப்பத்தில் காக்கப் போதிய ஈக்கள் இருந்தாலன்றி அவள் இட்டும் பயனில்லை. ஆதலால் அவள் வேகம் பெற மேலும் மூன்று வாரம் விட வேண்டும். பின்னோக்கி எண்ணிச் சென்றால் நாம் வந்து நிற்கும் இடம் தை இரண்டாம் வாரம். பொங்கல் கழிந்து பதினைந்து நாளுக்குள் முதற் சோதனை முடிந்திருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

இக்கணக்கைப் பஞ்சாங்கம் போலக் கொண்டுவிடலாகாது. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் வழக்கத்துக்கு மாறான பெருமழை பெய்தது. அவ்வாண்டு பொங்கலை நம்பித் திறந்தவன் மழைநாளில் திறந்தவனே ஆவான். இடமும் கணக்கை மாற்றும். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் பூவைவிடத் தளிரே முக்கியம். இலையுதிர்ந்து தளிர்க்கும்போது இளவிலைக் காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகள் மது சுரக்கின்றன. அங்குத் தேன்வரவு புதுச்சேரிக்கு முன்னரே தொடங்கிவிடுவதால் குடும்பத்தைத் தயார் செய்யும் வேலையும் முன்னரே தொடங்க வேண்டும். மார்த்தாண்டத்தார் சொல்லும் தேதியை அப்படியே கருவடிக்குப்பத்துக்குக் கொணர்தல், இங்கிலாந்தின் தேதியைக் கொணர்வதைவிடச் சிறிதே மேலானது.

தேதி ஓர் எல்லையைக் காட்டும். நாளை ஈக்களே காட்டும். பெட்டியைத் திறவாமல், வாயிலுக்குப் பக்கவாட்டில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை என்பது என் துணிபு. காலை எட்டு மணி அளவில் வெளியிலிருந்து வரும் ஈக்களின் பின்கால்களில் மஞ்சளாகவோ வெண்மையாகவோ மகரந்த உருண்டைகள் உளவா என்று பார்க்க. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து, வரும் ஈக்களிற் பல மகரந்தம் சுமந்து வருமாயின், உள்ளே புழு உண்டு என்றும், புழுவிருந்தால் பெரும்பாலும் இராணி உண்டு என்றும் ஊகிக்கலாம். அதுவே திறத்தற்குரிய அடையாளம். அடுத்த பெட்டியில் சுமை சுமையாக மகரந்தம் செல்ல, ஒரு பெட்டியில் மட்டும் ஈக்கள் வெறுங்காலோடு வந்து வாயிலில் நோக்கமின்றித் திரிந்தால் அங்கே இராணி இல்லை என்று ஐயுறுக. அப்பெட்டியைத் தாமதியாது பார்க்க வேண்டும். வாயிற்படியில் சண்டை நிகழ்ந்து, உடல் பளபளத்த ஈக்கள் நழுவி நுழைந்தால் கொள்ளை நடக்கின்றது. அந்நிலையில் திறப்பது கொள்ளைக்காரனுக்குக் கதவைத் திறந்துவிடுவதே. வாயிலை ஓர் ஈ நுழையும் அளவு சுருக்கிவிட்டு, இரண்டொரு நாள் பொறுக்க. பின்பக்கத்தைச் சற்றே தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். பழகிய கைக்குத் தராசு வேண்டியதில்லை. மிக இலேசாக இருந்தால் சோதனைக்கு முன் ஊட்டுதல் தொடங்க வேண்டும்.

ஊட்டும் முறையையும் ஈண்டே சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சீனியும் கொதித்தாறிய நீரும் சம அளவு கலந்த பாகைச் சிறு பாத்திரத்தில் ஊற்றி, ஈ மூழ்காதபடி குச்சிகளிட்டு, மாலை மங்கிய பின் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். பகலில் ஊட்டினாலும் வெளியே சிந்தினாலும் கொள்ளை வரும். வெல்லப்பாகு ஈக்களுக்கு வயிற்றுக்கேடு விளைப்பது. சிக்கனம் கருதி அதனை இடற்க.

இனித் திறக்கும் முறை. பனி உலர்ந்து வெயில் ஏறிய ஒன்பது பத்து மணிக்கு, காற்றடங்கிய நாளில், முதிய ஈக்கள் மேய்ச்சலுக்குச் சென்றிருக்கும்போது திறத்தல் நலம். முகவலை அணிக; கையில் எண்ணெய், வியர்வை, வாசனைப் பொருள்களின் மணம் இருத்தலாகாது. தேங்காய் மட்டையையோ பழஞ்சாக்கையோ புகைப்பானில் இட்டு, குளிர்ந்த வெண்புகை வரும்போது வாயிலில் இரண்டு ஊது, மூடியின் கீழ் ஓர் ஊது, அவ்வளவே போதும். நம் ஈக்கள் புகையை மிகுத்தால் அடையைவிட்டு ஓடிச் சட்டத்தின் கீழ்முனையில் கொத்தாகத் தொங்கும். பிறகு இராணியும் எங்கேனும் நழுவி விழுவாள், நாமும் ஒன்றையும் காணமாட்டோம். பெட்டிக்கு முன்னே நின்று வரும் ஈக்களின் வழியை மறியாமல், பக்கத்தில் நின்று, ஓரச் சட்டத்தை முதலில் மெல்ல அசைத்தெடுத்துச் சாய்த்து வைத்தால், மற்றவற்றை நசுக்காமல் எடுக்க இடமுண்டாகும். சட்டத்தைப் பெட்டிக்கு நேர்மேலே, நிமிர்த்தியே பிடிக்க. புத்தடை வெயிலில் இளகிய மெழுகாயிருப்பதால் படுக்கையாய்ப் பிடித்தால் தன் பாரத்தாலே உடைந்து விழும். பத்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். எதைப் பார்ப்பது என்று முன்னரே தீர்மானித்துக்கொள்ளாதவனுக்குப் பத்து நிமிஷம் போதாது. தீர்மானித்தவனுக்கு ஐந்தே மிகுதி.

பலர் இராணியைத் தேடுவதிலேயே காலத்தைச் செலவிடுகிறார்கள். அவளைக் காண்பது மகிழ்ச்சிதான், அவசியமன்று. சூரியனை முதுகுக்குப் பின் கொண்டு அறைகளின் அடியை நோக்குக. ஒவ்வோர் அறையிலும் அடிமையத்தில் ஒவ்வொரு வெண்முட்டை, சிறு நூல் துணுக்குப்போல நின்றால், மூன்று நாளுக்குள் இராணி அவ்விடம் வந்து சென்றாள் என்பது உறுதி. ஏனெனில் முட்டை மூன்று நாளே முட்டையாயிருக்கும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் சுவரில் ஒட்டியிருந்து, ஆணீயின் புடைத்த மூடிகள் சிதறிக் கிடந்தால், இராணி மறைந்து பணியீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்க. நம் தேனீயில் இத்தீங்கு விரைந்து வருவது. அத்தகைய சிறு குடும்பத்தை வேறொரு நல்ல குடும்பத்தோடு, இடையே துளையிட்ட செய்தித்தாள் வைத்து, இணைத்துவிடுதலே பெரும்பாலும் வழி.

அடுத்துப் புழுவை நோக்குக. மூடிய புழு அறைகள் அடையின் நடுவில் இடைவிடாது பரந்திருத்தல் நலம். ஆங்காங்குத் துளைபட்டும், மூடி கிழிந்தும் இருப்பின் நின்று பார்க்க. 1991-92இல் தென்னாட்டுக்கு வந்த தாய்லாந்துப் பைப்புழு நோய், இந்தியத் தேனீக் குடும்பங்களுள் பெரும்பான்மையை அழித்தது. பல ஊர்களில் பெட்டிகள் விறகாயின. அந்நோயில் புழு கூட்டுப்புழுவாக மாறுமுன்பே தலை நிமிர்ந்து நீண்டு மடியும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த சிறு பைபோலத் தொங்கும். காய்ந்தபின் படகு வடிவச் செதிலாகும். காரணம் நச்சுயிரி, அதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. நோய்ப்பட்ட அடையை வேறு பெட்டிக்கு மாற்றுவதும், அதைத் தொட்ட கையோடு அடுத்த பெட்டியைத் திறப்பதும் பெருங்குற்றம். நோயுற்ற அடைகளை நீக்கி, இராணியைச் சில நாள் தனிப்படுத்திப் புழுவற்ற இடைக்காலம் உண்டாக்குவதும், நோய்தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்தே இனம் பெருக்குவதும் பயன் தரக் கண்டிருக்கின்றனர். இதனாலேயே பல பெட்டி உடையவன் முதற் சோதனையில் வலிய குடும்பங்களை முன்னும், ஐயத்துக்கு இடமானவற்றைக் கடைசியிலும் திறக்க வேண்டும்.

அடிப்பலகையில் மெழுகுத் தூளும் கருமணி போன்ற எச்சமும் கிடந்தால் மெழுகுப்பூச்சியின் புழு உள்ளே வழி தோண்டுகின்றது. மெலிந்த குடும்பத்தில் ஈக்கள் மூடாத அடைகளே அதற்கு இரை. எனவே கறுத்துப் பழகிய, புழுவற்ற அடைகளை இச்சமயத்தில் வெளியேற்றி உருக்கிவிட்டு, ஈக்கள் நெருங்கி மூடக்கூடிய மூன்று நான்கு அடைகளை மட்டும் விட்டு, ஓரத்தில் தடுப்புப் பலகை வைத்தல் வேண்டும். வீடு சிறிதானால் வெப்பம் நிற்கும். இடத்தை அகலப்படுத்தினால் குடும்பம் பெருகும் என்று எண்ணுவோர் பலர். குடும்பம் பெருகிய பின்னரே இடம் தருவது சரியான முறை. அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்து, வெயிலில் காய்ந்த மறு பலகை இருந்தால் மாற்றுக. பெட்டிக் கால்களின் கீழுள்ள கிண்ணங்களில் நீர் உளதா என்றும் பார்க்க. மழைக்காலத்தில் தானே நிறைந்திருந்த நீர் தையில் வற்றிவிடும். எறும்பு அதற்காகவே காத்திருக்கும்.

முதற் சோதனைக்குப் பின் பத்து நாளைக்கு அப்பெட்டியைத் தொடாதிருத்தல் நலம். இரண்டாம் முறை திறக்கும்போது அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலை போன்று தொங்கும் இராணி அறைகள் உளவா என்று நோக்க வேண்டும். தையில் வளர்த்த குடும்பம் மாசியில் குடிபிரிந்து பாதி ஈக்களோடு பறந்துவிடுமாயின், வேம்பு பூக்கும்போது நம் கணக்கு முழுவதும் பொய்யாகும். குடிபிரிதல் செழிப்பால் நிகழ்வது. ஓடிப்போதல் வறுமையால் நிகழ்வது. மார்கழியில் என் குடும்பம் போனது இரண்டாவது வகை. முதல் வகையை எவ்வாறு தடுப்பது, அன்றி அதையே பயன்படுத்தி ஒரு பெட்டியை இரண்டாக்குவது எவ்வாறு என்பன தனிக் கட்டுரைக்குரியன.

மாணவருள் எவரேனும் இவ்வாண்டு பெட்டி வைக்க விரும்பின், ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்க. தம் ஊரில் ஒரு கிலோமீட்டர்ச் சுற்றளவுக்குள் மா முதற்பூ விரிந்த நாள், முருங்கையில் ஈ மொய்த்த நாள், வேம்பு வெண்மையான நாள், கடைசி மழை நின்ற நாள் ஆகிய நான்கையும் எழுதிவைக்க. மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், மேலே நான் போட்ட கணக்கை அவர்கள் தம் ஊருக்குத் தாமே திருத்திப் போடலாம். கருவடிக்குப்பத்தில் என் குறிப்பேடு வேம்புக்கு நான் கொண்ட பங்குனி நடுவைச் சில ஆண்டுகளில் பத்து நாள் முன்னும், சில ஆண்டுகளில் பத்து நாள் பின்னும் தள்ளியிருக்கின்றது.